ஊசி போட்ட நாளின் காய்ச்சல்

சிட்லபாக்கம்,
18 ஜனவரி 2006.

அன்புள்ள சிவகுமாருக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். ஜெயஸ்ரீ அங்கே புறப்பட்டு வருவதைத் தள்ளிப்போடலாம் என்றதும் நேற்று தொலைபேசியில் நீ கோபமாகப் பேசினாய். நான் பதில் சொல்வதற்குள் நைஜீரியா இணைப்பு அறுந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

உன் மனைவிக்கு வந்தது மலேரியாதான். இப்போது காய்ச்சல் இல்லை. மாத்திரை இன்னும் முடியவில்லை. பொங்கலன்று நெய் வாசனையே ஆகவில்லை என்று தட்டைத் தள்ளிவைத்தவள், நேற்று இரவு இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

நீ அறியாதது ஒன்று உண்டு. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப் போன அன்று காலையிலேயே ஜெயஸ்ரீக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஒரு குரோசினைப் போட்டுக்கொண்டு, நர்ஸ் கேட்டதற்கும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் பயணத்தை நிறுத்திவிடுவேன் என்று பயந்தாளாம். மறுநாள் மாலை இரண்டு கம்பளிக்குள் அவள் பற்கள் கிடுகிடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

தாம்பரத்தில் நம் டாக்டர் அசரியாவிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊசி போட்டாச்சும்மா, அதுல சந்தேகமில்ல. ஆனா உடம்பு அதைப் பிடிச்சுக்கிச்சான்னு என்னால சொல்ல முடியாது." ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கும்போது சில தடுப்பூசிகளுக்கு உடம்பு எழுப்பும் எதிர்ப்பு குறைந்துபோகலாமாம். சின்னக் குழந்தைகளிடம் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் எவ்வளவு என்று தெளிவில்லையாம். அப்படியானால் பயமில்லையா என்று கேட்டேன். "பயமில்லன்னு சொல்லல, தெரியலன்னு சொல்றேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதர் என்பதால் அவரை நம்புகிறேன்.

சான்றிதழ் கையில் இருக்கிறது, விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள் என்கிறாய். விடுவார்கள். நோய்க்கு அந்தத் தாளைக் காட்ட முடியுமா? உங்கள் குவார்ட்டர்ஸில் இருவருக்கு அதே மூளைக்காய்ச்சல் வந்து ஒருவர்தான் பிழைத்தார் என்று போன மாதம் சொன்னவன் நீ.

மாத்திரை முடிய வேண்டும். ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். பிறகு ஊசியை இன்னொரு முறை போட்டு, அது வேலை செய்யக் கொஞ்ச நாள் விட வேண்டும். மார்ச் நடுவில் புறப்படலாம் என்கிறார் டாக்டர்.

கல்யாணமாகி நீங்கள் சேர்ந்திருந்தது ஒரு மாதம்கூட இல்லை. அது எனக்குத் தெரியாதா? வீடு பெருக்க வரும் காந்தா, "இன்னா பெரிம்மா, காய்ச்சல்தான் பூட்சே, மருமவள புருசங்கிட்ட அனுப்ப மனசு வர்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கட்டிலுக்கு அடியில் தூசி அப்படியே இருக்கிறது, முதலில் அதைப் பார் என்றேன். அவளாவது முழுதாகக் கேட்டாள். நேற்று நீ பாதியில் நிறுத்திக்கொண்ட வாக்கியமும் அதுதான். ஜெயஸ்ரீயோ பெட்டியைத் திறந்து திறந்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகவே இன்று காலை அவளைக் காட்டாங்குளத்தூரில் அவள் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் அவள் அப்பா வேதாசலம் அழைத்துப் போவார். பெட்டியையும் கொடுத்தனுப்பிவிட்டேன். விமான நிலையத்துக்கு அங்கிருந்தே போகலாம். இங்கே வந்துதான் புறப்பட வேண்டும் என்றில்லை. ஆட்டோவில் ஏறும்போது அழுதாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்று சொன்னேன். இந்த ஒரு வருடத்தில் அவள்மேல் நான் சொல்லக்கூடிய குறை ஒன்றுதான்: குழம்பில் உப்பு கூடும்.

இனி அவள் மார்ச் வரை ஊரில் தங்குவதால் எனக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. அதனால் நான் சொல்வதை நீ கேட்கலாம். டிக்கெட் தேதியை மாற்று. அவளுக்கு நீயே போன் செய்து, உன் முடிவாகவே சொல். என் பெயர் வேண்டாம்.

நீயும் கொசுவலை கட்டிப் படு. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் வெகுகாலம் நலமாக இருக்க வேண்டும். அது எந்த ஊர் வீடாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
அம்மா