நிறம் பூசாத கால்

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

பட்டறையில் இருக்கும்போது நீ போனைத் தொடமாட்டாய். பட்டறையை விட்டு நீ வெளியே வருவதும் இல்லை. அதனால்தான் கடிதம். நான் நலம். உன்மேல் கோபமாகவும் இருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த எட்டு வயதுக்காரியின் செயற்கைக் காலுக்கு அச்சு எடுத்து உனக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை அவளுக்கு. தினமும் நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். "என் கால் எப்ப வரும் ஆன்ட்டி?" என்று துளைத்தெடுத்தவள் இந்த வாரம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஜூன் ஒன்பதாம் தேதி பள்ளி திறக்கிறது. நடந்துதான் போவேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

உன் முதலாளியைக் கேட்டால், "கால் முடிஞ்சு ஒரு மாசமாச்சும்மா. உங்க தம்பிதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வச்சிருக்கார்" என்கிறார். பட்டறையில் உனக்குப் பெயரே 'இன்னும் கொஞ்சம்' தானாமே! சின்ன வயதில் ஓர் அடித்தல் விழுந்தால் நோட்டில் அந்தத் தாளையே கிழிப்பாய். வருடக் கடைசியில் அட்டைதான் மிஞ்சும். அது நோட்டு, போகட்டும். இது பிள்ளையின் கால்.

உடனே அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

உன் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நோட்டுக் கதையை விடவே மாட்டாயா?

அவள் முழங்காலுக்குக் கீழே மிச்சமிருப்பது நுழையும் கிண்ணம் கச்சிதம். நிறம்தான் படுத்துகிறது. அவளுடைய இடது காலின் போட்டோவை ஜன்னலோரம் வைத்துப் பூசுகிறேன். காலையில் ஒத்துப்போகிறது, மாலை வெயிலில் பல்லிளிக்கிறது. நான்கு முறை சுரண்டிவிட்டுப் பூசியாயிற்று. பார்த்தவுடன் பொய்க்கால் என்று தெரிந்தால் பள்ளியில் கேலி செய்யமாட்டார்களா? என் கையிலிருந்து போகும் கால் ஏனோதானோ என்று போகக் கூடாது. கொஞ்சம் பொறு.

தம்பி


மே 14

தம்பிக்கு,

பொறுக்கச் சொன்னாய், ஐந்து வாரம் பொறுத்தேன். கால் வந்தது. அழகான கால். நகத்தில் பிறைகூட வைத்திருக்கிறாய்.

போட முடியவில்லை. அவள் வளர்ந்துவிட்டாள். கிண்ணத்துக்குள் பாதிதான் போனது, உயரமும் குறைவு. இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது முறை அவளே என் கையைப் பிடித்து, "விடுங்க ஆன்ட்டி, இது வேற யாரோடதோ" என்றாள். அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை என்றால் வளரும் என்பது உனக்குத் தோன்றவே இல்லையா?

இனி உங்கள் பட்டறைக்கு வேலை கிடையாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் குடுங்க சார், நான் பொறுப்பு" என்று வாய் விட்டிருக்கிறேன். புது அச்சு இத்துடன் வருகிறது. நிறம் பூசாதே. இந்த முறையும் தவறினால் எனக்குக் கடிதம் எழுதாதே.

அக்கா


மே 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாள் போய் ஒரு தாளை எடுத்தேன். அவளுக்கு வலிக்கக் கூடியது எதுவோ அதை ஒரு பக்கம் எழுதினேன். நான்குதான் வந்தது. என் கண்ணை உறுத்துவதை மறுபக்கம் எழுதினேன். இடம் போதவில்லை. அந்த நான்கில் மயிரிழைகூட விட்டுக்கொடுக்கவில்லை. மற்றதைத் தொடவில்லை, காலில் நான் போட்ட பென்சில் கோடுகூட அப்படியே இருக்கிறது.

பெட்டியை மூடிய பிறகு இரண்டு தடவை திறந்தேன். மூன்றாவது தடவை திறப்பதற்குள் முதலாளி தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்ன ஆயிற்று என்று எழுது. திட்டுவதானாலும் எழுது.

தம்பி


ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

போட்டுக்கொண்டாள். கம்பியைப் பிடித்தபடி ஆறு அடி, விட்டுவிட்டு நான்கு அடி. பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பட்டறைக்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

நிறத்தைப் பற்றிக் கேட்பாய். அவள் கவனிக்கவே இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த பள்ளிக் காலுறையை மேலே இழுத்து மாட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

குறை இல்லாமல் இல்லை. கிண்ணத்தின் உள்விளிம்பு ஓரிடத்தில் உரசி அவள் தோல் சிவந்திருக்கிறது. பத்தடி நடந்த பிறகுதான் தெரிந்தது. உன் மேஜையில் எத்தனை மாதம் கிடந்தாலும் தெரிந்திருக்காது. பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்து தருகிறேன் என்றேன். காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"அங்க அனுப்பாதீங்க ஆன்ட்டி. அந்த மாமா திருப்பித் தரமாட்டார். வேணும்னா அவரை இங்க வரச் சொல்லுங்க. அவர் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

அரத்தை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வா.

அக்கா