கம்பித் திருடனின் பெயர்

வோரு, எஸ்தோனியா
அக்டோபர் 1993

மெரிக்கெ கண்ணுக்கு,

அம்மா நலம், மூட்டுவலியைத் தவிர வேறு விருந்தாளி கிடையாது. டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பார்த்துப் பயந்திருப்பாய். எனக்கு ஒன்றுமில்லை, சாலையோரத் தொலைபேசிக் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரஷ்யர்களிடமிருந்து சுதந்திரம் வந்ததிலிருந்து செம்பு, பித்தளை என்று எதையும் விட்டுவைப்பதில்லை, வாங்கிக் கப்பலேற்ற ஆட்கள் இருக்கிறார்களாம். கல்லறைச் சிலுவையைக்கூடப் பெயர்க்கிறார்கள், உன் அப்பாவுடையது மரம் என்பதால் பிழைத்தது.

யார் அறுத்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, அதுதான் வினை. பக்கத்துப் பண்ணை ஹெய்னோ. அப்பா போன பிறகு என் விறகைப் பிளப்பவன், சனிக்கிழமைதோறும் தன் நீராவிக் குளியலறையைச் சூடாக்கி என்னையும் கூப்பிடுபவன், வேறு யார் என் கதவைத் தட்டுகிறார்கள். போன சனிக்கிழமை குளிக்கப் போனால் பின்புறம் கம்பியின் ரப்பர் உறை பொசுங்கும் நாற்றம், சாம்பலில் கம்பிச் சுருள். அவன் மறைக்கவில்லை. கூட்டுப்பண்ணையைக் கலைச்சுட்டாங்க, வேலையும் போச்சு, கம்பியை வித்துத் தின்னாம வேற எதைத் தின்னுறது லெய்டா என்றான். நான் குளிக்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் புதுப் போலீஸ்காரன் ராய்வோ விசாரிக்க வந்தான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, ஜீப்புக்குப் பெட்ரோல் இல்லையென்று சைக்கிளில் வந்திருந்தான். நான் வாய் திறக்கவில்லை. ரஷ்யர்கள் காலத்தில் பெயர் சொல்லப்பட்டவர்கள் எங்கே திரும்பினார்கள். அவனோ தொப்பியைக் கழற்றிவிட்டு, பயப்படாதீங்கம்மா, இது நம்ம போலீஸ், யாரையும் சைபீரியாவுக்கு அனுப்ப மாட்டோம், பேரைச் சொன்னீங்கன்னா லைனைச் சீக்கிரம் போட்டுருவாங்க என்றான். உன் குரல்தான் கண்ணு வாரம் முழுக்க எனக்குத் துணை. சொல்லிவிட்டேன்.

ராய்வோ பொய் சொல்லவில்லை, ஹெய்னோவுக்கு அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். நேற்று கடை வாசலில் எதிரே வந்தான். ரஷ்யனாலயே உன்கிட்ட ஒரு பேரை வாங்க முடியல, இந்தப் பொடியன் வாங்கிட்டானே என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான். உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதன்பிறகு ராய்வோவும் வந்து தலையைச் சொறிந்தான். தொலைபேசி ஆபீசில் கம்பியே கையிருப்பில் இல்லையாம், இந்தக் குளிர்காலத்துக்குள் நடக்காதாம். உனக்காகத்தான் சொன்னேன், இப்போது நீயும் இல்லை, ஹெய்னோவும் இல்லை. வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. கடிதம் போடு, நீளமாகப் போடு, காகிதத்தை இங்கே யாரும் உருக்கி விற்பதில்லை.

உன் அம்மா,
லெய்டா