பொன்னுரங்கம் கையில் பிடித்த பாறை

ஊரூர் குப்பம்,
பெசன்ட் நகர்.
பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு தணிகைவேலுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கை கால் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் இப்படி எழுதுகிறேன்: சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நேற்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆமாம்டா, நிஜமாகத்தான். பக்கத்து வீட்டுச் செண்பகம் ஓடி வந்து, இன்னாக்கா ஆச்சு உனக்கு என்று கேட்டாள். அந்த அளவுக்குச் சிரித்தேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் உன் பெயரைச் சொன்னதுமே அழுதுவிடுகிறேன். நீயும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். செண்பகத்தின் தம்பி புதன்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் படகு கடலுக்குப் போனது! ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

உன் அப்பா தவறினதிலிருந்து அதைத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருந்தோம். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். பொங்கல் கழிந்து நாலு நாள் இருக்கும், அப்பா போனில் ஒரு கால் வந்தது. யாரோ ஒரு ஆம்பளை, தணிகைவேல் கேப்டன் இருக்காரா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். அவர் விடாமல், கடலில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கக் கூட்டிப் போவீங்கன்னு போட்டிருக்கே, இந்த நம்பர்தானே கொடுத்திருக்கு என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ செல்போனில் படகைப் படம் எடுத்து ஏதோ போட்டாயே, அதே விளம்பரம். நீ ஊரைவிட்டே போய்விட்டாய், அது மட்டும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அவர் பெயர் ராகவேந்திரன். மயிலாப்பூர்க்காரர், தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் இல்லை என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் வந்தது, எத்தனை பேர் வருவீங்க என்று.

பொன்னுரங்கம் சித்தப்பாவிடம் சொன்னதும் அவன் குதித்தான். குடிகாரப் பசங்கள ஏத்திக்கினு நான் போவணுமா அண்ணி, எவனாவது தண்ணில விழுந்தா போலீஸுக்கு நீ பதில் சொல்றியா என்றான். நம் குப்பத்தில் எல்லோருக்கும் அதே நினைப்புதானே. எனக்கும் அதேதான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் விடியற்காலை வந்த மூன்று பேரும் ஒரு கேன் தண்ணீரும் தயிர் சாதமும்தான் கொண்டுவந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை நாம் சொல்லும் முன்னே மாட்டிக்கொண்டார்கள். காவல் நிலையத்தில் பேர் எழுதிக் கொடுத்தோமா என்று அவர்கள்தான் நம்மைக் கேட்டார்கள். பொன்னுரங்கத்துக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

இதைக் கேள், இதுதான் சிரிப்பு. அந்த ராகவேந்திரன் மீனே சாப்பிட மாட்டார்! எங்காத்துல முட்டைகூட வாங்க மாட்டோம்மா என்றார். பிடிக்கிறது, பார்க்கிறது, மறுபடி கடலிலேயே விடுகிறது, அவ்வளவுதானாம். பதினைந்து வருஷமாக ஊர் ஊராகப் போய் இதைத்தான் செய்கிறாராம். இதைப் படகு கிளம்புவதற்கு முன்னால் பொன்னுரங்கத்திடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. பொன்னுரங்கத்துக்கோ அது கேட்க வேண்டிய கேள்வியாகத் தெரியவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரிந்திருக்கும். கடலடியில் கல் இருக்கிற இடத்துக்கு மேலே முக்கால் மணி நேரம் போராடி, அவர் ஒரு பாறை மீனை இழுத்தார். பதினாலு கிலோ. அது படகுக்குள் விழுந்ததுதான் தாமதம், பொன்னுரங்கம் வழக்கம்போலக் கட்டையை எடுத்துத் தலையில் ஒரே போடு. துள்ளி ஆளை அடிக்கும் என்று நம் ஆட்கள் செய்கிறதுதானே. அவர் ஐயோ என்று கத்தின கத்தில் இவன் கட்டையைக் கடலிலேயே போட்டுவிட்டான்.

கரைக்கு வந்ததும் அந்த மனுஷன் மணலில் உட்கார்ந்து, மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். பொன்னுரங்கம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறான், மீன் புட்ச்சா கொல்லாம தாலாட்டா பாடுவாங்க என்று. பார்க்க வந்த கூட்டம் சிரிக்கிறது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன் அப்பா காரியம் முடிந்து பத்து மாதம் ஆகிறது, நான் அழுதால் ஆளாளுக்குப் போதும் போதும் என்கிறார்கள். அந்த ஆள் ஒரு மீனுக்காக யாருக்கும் வெட்கப்படாமல் அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐயா, தெரியாமல் செய்தது, பிடித்ததைத் திரும்ப விடலாம் என்கிறதே எங்கள் ஆளுங்க புத்தியில் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும், உங்க பேர்ல தப்பில்லை என்றார்.

அந்த மீனை வீணாக்கலாமா? அவருடன் வந்தவர்களில் மதுவந்தி என்று ஒரு பெண், அதே கம்பெனி. அவள் மீன் சாப்பிடுவாள். வெட்டிக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்தவள், தட்டை என்னிடமே நீட்டி இன்னொரு துண்டு கேட்டாள். பாறைன்னா வாடை அடிக்கும்னு எங்க அம்மா வாங்கவே மாட்டாங்க ஆன்ட்டி, எங்க வீட்ல வஞ்சரம் மட்டும்தான் என்றாள். அந்த வஞ்சரமும் ஐஸ் பெட்டியில் எந்த ஊரிலிருந்தோ லாரி ஏறி வந்து, செல்போனில் சொன்னால் வீட்டுக்கு வருகிறதாம். பெட்டியில் வந்தால்தான் சுத்தம், கரையில் மணலில் கிடக்கிற மீன் அசுத்தம் என்று நினைத்திருந்தாளாம். நான் மிச்சமிருந்த தலையில் செவுளைத் தூக்கிக் காட்டினேன், ரத்தச் சிவப்பு. சதையை விரலால் அழுத்திப் பார் என்றேன். அழுத்தினாள், குழி விழவில்லை. விலை கேட்டாள். நம் கரையில் ஏலத்தில் பாறை கிலோ இருநூறைத் தாண்டுவதே பெரிய பாடு. அவள் போனைத் திறந்து காட்டினாள், அதே பாறை அறுநூற்று ஐம்பது. நடுவில் இருக்கிற நானூற்று ஐம்பது யார் வயிற்றுக்குப் போகிறது என்று அவள் கேட்டாள். நான் முப்பது வருஷமாகக் கூடை தூக்குகிறேன், எனக்கே தெரியாது என்றேன்.

அதற்கப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. அவள் ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேரை ஒரு வாட்ஸப் கூட்டமாகச் சேர்த்திருக்கிறாள். நம் கரைக்கு மீன் வந்ததும் செண்பகம் படம் எடுத்துப் போடுகிறாள். காரப்பொடி, சங்கரா, கவலை, எது வந்தாலும் போடுகிறோம். முதலில் எல்லோரும் வஞ்சரம் வஞ்சரம் என்றுதான் கேட்டார்கள். இப்போது காரப்பொடிக்குச் சண்டை! நான் சுத்தம் செய்து கொடுக்கிறேன், அவர்கள் ஆபீஸ் முடிந்து போகும்போது வாங்கிப் போகிறார்கள். கரையில் கிடைக்கிறதைவிட நமக்குக் கூட, கடையில் கொடுக்கிறதைவிட அவர்களுக்குக் குறைச்சல். என்னோடு கூடை தூக்குகிற ஹாஜிரா பீ அக்கா தன் கூடையையும் என்னிடம் சேர்த்துவிட்டாள்.

இனி நேற்றைய கதை. ராகவேந்திரன் மறுபடி போன் செய்தார்! அந்த அமர்க்களத்துக்கு அப்புறமும். பொன்னுரங்கம் வர மாட்டேன் என்றான். விடறதுக்கு எதுக்குப் புடிக்கணும், டீசல் இன்னா கடல்தண்ணியா என்றான். நான் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். பொன்னு, அந்தப் பாறையைக் கரைக்குக் கொண்டுவந்தால் ஒரு தரம்தான் விற்கலாம். கடலிலேயே விட்டால் அதைப் பார்க்கவென்று ஒருத்தன் வருவான், அடுத்த மாதம் இன்னொருத்தன் வருவான், மீனும் குட்டி போட்டுப் பெருகும் என்றேன்.

சொல்லி முடித்ததும்தான் எனக்கே உறைத்தது. இதே வார்த்தையைத்தானேடா நீ அன்றைக்குச் சொன்னாய்? அடுப்படியில் நின்றுகொண்டு, கையைக் காலை ஆட்டி, எனக்கும் அப்பாவுக்கும் சொன்னாயே. மீன் முட்டை போடும், குட்டி போடாதும்மா என்று நடுவில் என்னைத் திருத்தினாய். அன்றைக்கு உன் அப்பாவைவிட நான்தான் அதிகம் பேசினேன். மீனை வைத்து விளையாடுகிறவன் வீட்டில் அடுப்பு எரியாது என்றேன். நீ சேர்த்துவைத்த காசில், தூண்டிலில் கட்ட வாங்கின அந்தப் பொய்மீனைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். அடுத்த மாதம் நீ விமானம் ஏறினாய்.

அந்தப் பொய்மீனை வெள்ளிக்கிழமை பரணில் தேடி எடுத்தேன். நீல முதுகு, வெள்ளி வயிறு. முள்ளில் கொஞ்சம் துரு, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ராகவேந்திரனிடம் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினேன், இது உதவுமா ஐயா என்று. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை வாங்கினவருக்கு நம்ம கடல் நன்னாத் தெரியும்மா, துருப்பிடிச்ச முள்ளை மட்டும் மாத்திடறேன் என்றார். என் பிள்ளை என்றேன். சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

நேற்றுக் காலை அதைத்தான் கட்டிப் போட்டார்கள். அதைத்தான் மீன் கடித்தது! போன தடவையைவிடப் பெரிய பாறை. பொன்னுரங்கம் இந்தத் தடவை அதைப் படகுக்குள் ஏற்றவே இல்லை. ராகவேந்திரன் சொல்லிக் கொடுத்தபடி முள்ளை எடுத்துவிட்டு, தண்ணீரிலேயே வாலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினானாம். முதலில் கட்டை மாதிரி கிடந்ததாம். செத்துட்ச்சு சார் என்றானாம். கொஞ்சம் பொறுங்கோ என்றாராம் அவர். செவுள் ஒரு தரம் திறந்ததாம். மறுபடி ஒரு தரம். அப்புறம் வால் இவன் கையில் இறுகி, ஒரு உதறு உதறிக்கொண்டு கீழே போய்விட்டதாம். இவன் முகமெல்லாம் தண்ணீர்.

கரைக்கு வந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தான். அண்ணி, கையிலயே உசுரு திரும்பி வந்துச்சு அண்ணி, கையிலயே வந்துச்சு என்று அதையே நாலு தரம் சொன்னான். சொல்லும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆட்டோவில் உன் அப்பாவை மடியில் கிடத்தி, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்தக் கைதான். டீ போட்டுக் கொடுத்தேன். அவன் குடித்துவிட்டு, அடுத்த தபா எப்போ வராங்களாம் என்று கேட்டான். அப்போதுதான் நான் அப்படிச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, அது வேறு.

இப்போது உன் விஷயம். மாசிக் கடைசியில் உன் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன், படகை விற்றுவிடு, பேப்பரை அனுப்பு என்றாய். காசிமேட்டு ஆள் வந்து இரண்டு தரம் படகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார், நல்ல மனுஷர். வாரிசான உன் கையெழுத்து வந்தால் மறுநாளே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பேப்பர் தயாராக இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்துடன் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

பங்குனிக்கு மூன்று கூட்டத்தார் படகு கேட்டிருக்கிறார்கள். பொன்னுரங்கத்துக்குக் கடல் தெரியும், ஆனால் சாரி, தேங்க்ஸ் தவிர வேறு பேச்சு வராது. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேப்டன் இருக்காரா என்றுதான் கேட்கிறார்கள். வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யா நிஜமா என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பா முகத்தைக் கடைசியாக நீ போனில்தான் பார்த்தாய். உன் முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை, அது உன் குற்றம் இல்லை. அதை நீ நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கே வேறொருத்தன் படகில் வலை இழுக்காதே. உன்னைப் போகவைத்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. நீ சொன்னதுதான் சரி என்று கடைசிவரைக்கும் உன் அப்பா உன்னிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பங்குனியில் அவருக்கு வருஷம் திரும்புகிறது. பிள்ளை வந்து திதி கொடுக்க வேண்டும். படகை விற்கத்தான் வேண்டும் என்றாலும் சரி, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கையெழுத்தை யார் கையிலும் கொடுத்தனுப்பாதே. நீயே வந்து, ஒரு நாள் விடியற்காலை படகில் ஏறிக் கடலுக்குப் போய்வந்து, அப்புறம் போடு. பேனா நான் வாங்கி வைக்கிறேன்.

சங்கராக் கருவாடு அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன், கூட இருக்கிறவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு. உன் பொய்மீன் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அதன்மேல் பாறையின் பல் பட்ட தடம் நாலு இருக்கிறது. வந்து பார்.

கடலம்மா உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா
தே. சுலோச்சனா