எல்லா சுவிட்சையும் போட்டு வையுங்கள்

15.9.2008, திங்கள்
லேபுக்கு வந்த புது சர்வரில் சிஸ்டம் ஏறவில்லை. மூன்று நாளாக சிடியைப் போடுகிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் இதே வேலை பார்க்கும் தம்பி வளவனுக்குப் போன் செய்தேன். "சிடிய விடுக்கா. நெட்வொர்க் வழியாப் போடு. ஒரு ஃபைல் அனுப்புறேன். ஒரு கேள்வி கேக்காது. டிஸ்க்க அழிச்சுட்டு தானா எல்லாம் போட்டுக்கும்."
கேள்வி கேட்காத ஒன்று இந்தப் பாலிடெக்னிக்கில் இருந்தால் நல்லதுதான்.

17.9.2008
முடிந்தது! மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் தம்பியின் ஃபைலை வைத்தேன். சர்வர் எழுந்ததும் முதலில் நெட்வொர்க்கைக் கேட்கும். பழையது பதில் சொன்னால் அதிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். பதில் இல்லையென்றால் தன் டிஸ்கிலிருந்து எழும். இருபதே நிமிடம். பிறகு பழையதை அணைத்துவிட்டேன், இனி அதற்கு வேலை இல்லை.
சில நாள் விடியற்காலையில் கரண்ட் போகிறது. யுபிஎஸ் அரைமணி நேரம்கூடத் தாங்குவதில்லை. கரண்ட் வந்ததும் லேபில் எல்லா சுவிட்சையும் போட்டு வையுங்கள் என்று வாட்ச்மேன் ரெத்தினம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். என் பஸ் கும்பகோணத்திலிருந்து ஊர்ந்து வருவதற்குள் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்.

24.9.2008
காலையில் திறந்தால் சர்வர் வெறுமையாக இருக்கிறது. பிள்ளைகளுக்காக நான் உருவாக்கிய ஒரு யூசர் பெயரும் இல்லை. இன்றுதான் புதிதாகப் போட்டது போல. நல்லவேளை, பிள்ளைகள் இன்னும் எதுவும் ஏற்றவில்லை. அறுபத்து நான்கு பெயரையும் மறுபடி அடித்தேன். விரல் வலிக்கிறது.

25.9.2008
கரண்ட் போய் வந்ததாலோ என்று, வேண்டுமென்றே மூன்று முறை சர்வரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் ஒழுங்காக எழுந்தது. வைரஸா? யாராவது கை வைக்கிறார்களா?

3.10.2008, வெள்ளி
மறுபடியும். இந்த முறை எல்லாம் போயிற்று. மூன்றாம் வருடப் பிள்ளைகள் அறுபத்து நான்கு பேரின் ப்ராஜெக்ட். பதிமூன்றாம் தேதி செய்முறைத் தேர்வு.
பிரின்சிபால் பஞ்சநதம் சார் கூப்பிட்டார். "சாவி யார் யார்கிட்டம்மா இருக்கு?"
"என்கிட்ட சார். அப்புறம் ரெத்தினம் அண்ணன்கிட்ட."
"அப்ப அவன்தான். காலேல தனியா உள்ள என்ன நோண்டினானோ."
நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், யாராவது ஒருவர் கிடைத்தாரே என்று இருந்தது.

4.10.2008
ரெத்தினம் அண்ணனை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். சாவியை என் மேசையில் வைத்தார். "சுவிச்சு மட்டுந்தாம்மா போட்டேன். வேற எதயும் தொடல." நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

6.10.2008
அம்சவல்லி என்கிற பெண் லேப் வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஆறு வாரம் செய்த வேலையாம், போன வாரம்தான் சர்வரில் ஏற்றினாளாம், வேறு நகல் இல்லை. எனக்குத் தலைவலி, மாத்திரை இரண்டு போட்டும் கேட்கவில்லை.

8.10.2008
காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. வந்ததும் நானே வரிசையாக எல்லா சுவிட்சையும் போட்டேன். மூலையில் பழைய கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. அதன் பொத்தானை நான் தொடவே இல்லை. கரண்ட் வந்தாலே எழுந்துவிடும்படி எந்தக் காலத்திலோ யாரோ வைத்திருக்கிறார்கள். சர்வர் நெட்வொர்க்கைக் கேட்டது. பழையது பதில் சொன்னது. டிஸ்க் அழிந்தது. ஒரு கேள்வி இல்லை.
அன்று நான் பிடுங்கியது சர்வரின் பிளக்கை மட்டும்தானே. பழையது அணைந்தே கிடந்தது.
இந்த நோட்டில் பதினேழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து. எல்லா சுவிட்சையும் போட்டு வையுங்கள். ஐயோ, நான்தானே சொன்னேன்! அந்த மனுசன் நான் சொன்னதத்தானே செஞ்சாரு!
தம்பிக்குப் போன் செய்தேன். "கரண்ட் போகுமாக்கா? நான் இங்க வந்து நாலு வருசத்துல ஒரு தடவகூடப் போகலையே, அதான் தோணல." அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஊருக்குள்ளேயே இருக்கிற எனக்கு மட்டும் தோன்றியதா?

9.10.2008
பஞ்சநதம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "விட்டுத் தள்ளும்மா. வாட்ச்மேன்னு நிர்வாகத்துக்கு எழுதி அனுப்பியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா நீ மாட்டிக்குவ." அரைமணி நேரம் வராந்தாவில் நின்றேன். விட்டுத் தள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது, மறைப்பானேன். பிறகு எழுதிக் கொடுத்தேன். இரண்டு தாள் வீணாயிற்று. எனக்கு மெமோ வரும். வரட்டும்.

11.10.2008, சனி
ரெத்தினம் அண்ணனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் ஒத்துக்கொண்டது. நன்னிலம் தாண்டி அவர் ஊருக்குப் போனேன். சம்பா நடவு. கூலிக்கு நாற்றுக் கட்டு சுமந்துகொண்டிருந்தார். வரப்பில் நின்றே சொன்னேன். "தப்பு என் மேலதாண்ணே. நீங்க திங்கட்கெழம வேலைக்கு வரலாம்." கட்டை இறக்காமலே கேட்டார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.
அவர் மனைவிதான் பஸ் வரை கூட வந்தார். "ஊரு பூரா கேட்டுட்டாங்கம்மா, என்னத்தடா எடுத்த காலேஜ்லன்னு." ரெத்தினம் அண்ணன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

13.10.2008
தேர்வைத் தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். மெமோ வந்தது. ரெத்தினம் அண்ணனும் வந்தார்.

14.10.2008
இனி சர்வர் தன் டிஸ்கைத்தான் முதலில் பார்க்கும். பழையதன் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, பீரோவில் பூட்டிவிட்டேன். பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு வேறொரு டிஸ்கில் தினமும் நகல். ரெத்தினம் அண்ணனை அழைத்துப்போய்க் காட்டினேன். இனிமேல் எந்த சுவிட்சைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றேன். தலையாட்டினார்.

17.10.2008
காலை ஆறே கால். போன். "கரண்டு வந்துருச்சும்மா."
"சரிண்ணே, போட்டு வைங்க."
"இல்லம்மா. நீங்க வந்தே போட்டுக்குங்க."
வெளியே மழை, இருட்டாக இருந்தது. வராந்தா லைட்டையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.
"எதயும் தொடலம்மா" என்றார்.