விடை சொல்லக் கூடாதாம்

ஜூன் 2, திங்கள்

ஆஸ்பத்திரித் துணிகளுக்கான சலவைக் கூடத்தில் பதினோரு வருடமாக சூப்பர்வைசர் நான். எனக்கு இன்று பேசக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி தர வந்த கோட்டுக்காரர் ஒரு தலையணை உறைகூடத் துவைத்திருக்க மாட்டார். ஆட்களுக்கு விடை சொல்லக் கூடாதாம், கேள்வி கேட்க வேண்டுமாம். அப்போதுதான் இது தங்கள் வேலை என்ற எண்ணம் அவர்களுக்கு வருமாம்.

மேனேஜர் பிறகு தனியாகக் கூப்பிட்டார். "நீங்க சொல்லாமலே அவங்க முடிவெடுக்கட்டும். அப்புறம் ஆறு வாரம் லீவு தர்றேன்" என்றார். முழங்கால் ஆபரேஷனை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. மாடிப்படியில் இப்போதெல்லாம் கடவுளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

ஜூன் 4

டிரையர் பார்ப்பவரிடம் ஆரம்பித்தேன்.

"விரிப்பெல்லாம் ஈரமாவே வருதே, என்ன பண்ணலாம்?"

"நீங்க சொல்லுங்கக்கா."

"நீ என்ன நினைக்கிற?"

"நீங்க நினைக்கிறதத்தான்கா."

நல்லது. இருவருக்கும் சேர்த்து ஒரே மூளை. கடைசியில் நானே போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

ஜூன் 9

"பத்து நிமிஷம் கூட்டி வச்சா நல்லாயிருக்குமோ?" என்று கேட்டேன். உடனே கூட்டி வைத்தார். கேள்விதானே கேட்டேன்? கட்டளைக்கு வேஷம் போட்டிருக்கிறேன் என்று கோட்டுக்காரர் சொல்லக்கூடும். அவர் இங்கே இல்லை.

ஜூன் 12

இன்று இரண்டு யோசனைகளில் எது சரி என்று கேட்டேன். டிரையர்காரர் என் நெற்றியையே பார்த்தார். பிறகு சரியான விடையைச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் மடிப்பு மேசைக்காரி போட்டு உடைத்தாள். "அக்கா இடது புருவத்தைத் தூக்கினா தப்பு, ரெண்டையும் தூக்கினா சரி. புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம்."

பதினோரு வருடம் புருவத்தால் ஒரு சலவைக் கூடத்தை நடத்தியிருக்கிறேன். மெஷின் எதற்கு வாங்கினார்களோ.

ஜூன் 13

இனி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேள்வி. மகள் சிரிக்கிறாள். "அம்மா, முழங்கால் டாக்டர் போதும், இன்னொரு டாக்டரையும் தேட வச்சிராத."

ஜூன் 27

பெரிய மெஷினின் கதவு ரப்பர் கிழிந்து தரையெல்லாம் தண்ணீர். மூன்று மணிக்குள் ஆபரேஷன் தியேட்டர் துணி போயாக வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, "என்ன பண்ணப் போறீங்க?" என்றேன். என் வாய்க்குள் விடை குதித்துக்கொண்டிருந்தது — துணியைச் சுற்றிக் கட்டு, ஓட்டு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே வலித்தது.

"மெஷின நிறுத்துறேன்" என்றார் டிரையர்காரர். "தியேட்டர் துணிய சின்ன மெஷின்ல பிரிச்சுப் போடுவோம். வார்டு துணி நாளைக்குத்தான்னு ஆஸ்பத்திரிகிட்ட நானே பேசிக்கறேன்."

பேசினார். அவர்கள் திட்டினார்கள். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். தியேட்டர் துணி இரண்டே முக்காலுக்குக் கிளம்பியது. ரப்பர் மாற்ற வந்த மெக்கானிக், இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தால் மோட்டார் போயிருக்கும் என்றார். நான் இருந்திருந்தால் ஓட்டியிருப்பேன். அங்கேதான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஜூலை 10

லீவு கிடைத்துவிட்டது. அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மேனேஜர். ஒரு நிமிஷமாவது தயங்கியிருக்கலாம்.

ஜூலை 19

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். டிரையர்காரரும் மடிப்பு மேசைக்காரியும் பார்க்க வந்தார்கள். மேசைகளை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார்களாம், வேலை சீக்கிரம் முடிகிறதாம். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?" என்றேன். "உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்கா" என்றாள். முகத்தில் அவ்வளவு அன்பு. கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள், மெஷினில் துணி போட்டு வந்திருக்கிறார்களாம்.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். "அவசரமே இல்ல. வேணும்னா எட்டு வாரமா எடுத்துக்கங்க."

ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டது யார்? கூடமா? நான்தானே? நான் இல்லாமல் ஓடாது என்று யார் சொன்னது — நான் மட்டும்தான்.

அழுகை வந்துவிட்டது. கால் வலி என்று நினைத்து நர்ஸ் ஒரு மாத்திரை கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.