முன் ஒப்புதல்

14 மார்ச் 1988

அன்பு வாலுவுக்கு,

போய்ச் சேர்ந்ததாக நீ அடித்த தந்தி கிடைத்தது. நான்கே சொற்கள். அமைச்சகத்தில் சேர்ந்ததும் அக்காவுக்குக்கூடச் சொற்களை எண்ணித்தான் கொடுப்பாய் போலிருக்கிறது. அங்கே கடுங்குளிர் என்கிறார்கள். காதை மூடிக்கொள். உனக்கு எது வந்தாலும் காதில்தான் முதலில் பிடிக்கும்.

இங்கே மூவரும் சுகம். என் மகள் குண்டு, "சித்தி எப்ப வரும்?" என்று காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை கேட்கிறாள். மூன்று வயதுக்கு இந்த வாய் ஆகாது. உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

கழிவுக் கப்பல்களைப் பற்றிய கூட்டம் என்று நீ போன காரியத்துக்கு உதவும் என்று ஒன்றை எழுதுகிறேன். துறைமுகத்தில் உன் அத்தான் மேற்பார்வை பார்க்கும் நான்காம் கிடங்கில் நாற்பது பீப்பாய்கள் பத்து மாதமாகக் கிடக்கின்றன. காகிதத்தில் 'உர மூலப்பொருள்' என்று இருக்கிறது. இறக்கிய கப்பல் எப்போதோ போய்விட்டது. வாங்கவேண்டிய கம்பெனியைத் தேடி ஆள் அனுப்பினால், அந்த முகவரியில் பூட்டிய அறை ஒன்றுதான் இருக்கிறதாம். போன வாரம் ஒரு பீப்பாயின் அடி ஓட்டையாகி, தரை சிமென்ட் நுரைத்துக் குழிந்துவிட்டது. நான் மாதிரி எடுத்துவந்து சோதித்தேன். பெயின்ட் கரைப்பான் இருக்கிறது, ஈயம் இருக்கிறது. மீதி என்னவென்று எங்கள் துறைமுக ஆய்வகத்துக் கருவிக்குத் தெரியவில்லை. தெரியாத அந்த மீதிதான் எனக்குப் பயம்.

அத்தானிடம் சொன்னால், "சும்மா நாத்தம்தான், பழகிடுச்சு" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அவ்வளவு நாடுகள் கூடுகிற இடத்தில் எங்கள் நாற்பது பீப்பாயையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா.

உன் அக்கா

*

2 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்! ஆளுக்கு மூன்று நிமிடம். அது முடிந்தால் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்த பிறகும் நிறுத்தாமல் நான்காம் கிடங்கைப் பற்றிப் பேசினேன். தலைவர் சுத்தியலைத் தூக்கிவிட்டுத் தட்டாமலே கீழே வைத்தார். எதிர் வரிசையில் ஒரு பெண் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பீப்பாய்களை அனுப்பிய நாட்டுக்காரர் எழுந்தார். "அவை கழிவு என்று யார் சொன்னது? கழிவு என்றால் என்னவென்றே இன்னும் நாம் முடிவு செய்யவில்லையே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் கொடுமை. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு முழு நாள் போயிற்று.

எல்லாரும் ஒத்துக்கொள்ளாத சொல்லை இங்கே சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். பக்கம் முழுக்க வேலி அடித்த மாதிரி இருக்கிறது. நம் வீட்டு ஆட்கள் பேசுவதை எழுதினால் முழுப் பக்கமும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று வரத்தான் போகிறது, அக்கா. இறக்குகிற நாடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் தராமல் எந்தக் கப்பலும் கழிவோடு கிளம்பக் கூடாது. இந்த வரியைச் சுற்றி அடைப்புக்குறி இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அத்தானை மூக்கை மூடிக்கொள்ளச் சொல். குண்டுக்கு முத்தம்.

உன் வாலு

*

9 செப்டம்பர் 1990

என் கண்ணே வாலு,

போய்விட்டன! போன வாரம் நாற்பதையும் புதுப் பீப்பாய்களுக்குள் வைத்து, எந்த நாட்டிலிருந்து வந்தனவோ அந்த நாட்டுக் கப்பலிலேயே ஏற்றினார்கள். உன் அத்தான் கப்பல் கண்ணுக்கு மறையும்வரை வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். கிடங்குக் கதவு ஒரு வாரமாகத் திறந்தே கிடக்கிறது. அவருக்குத் தலைவலியும் குறைந்திருக்கிறது.

நீ அனுப்பிய ஒப்பந்தப் புத்தகத்தை ஆய்வகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். "உங்க தங்கச்சி எழுதினதா?" என்று கேட்டார்கள். கொஞ்சமும் கூசாமல் ஆமாம் என்றேன். நூறு பேர் சேர்ந்து எழுதியதில் ஒரு வரியாவது உன்னுடையது இருக்காதா?

வரும்போது உடம்பைத் தேற்றிக்கொண்டு வா. நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

உன் அக்கா

*

30 ஜூன் 1992

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இந்த மாதம் நடந்த கூட்டம் மாதிரி நான் பார்த்ததில்லை. நாட்டுத் தலைவர்களே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். காடு, காற்று, கடல், பூச்சி வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம். எங்கே திரும்பினாலும் 'நீடித்த வளர்ச்சி'. ஏழு வயதிலேயே என் தோள் வரை வந்துவிட்ட குண்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய செய்தி. நம் நாடும் கழிவு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. ஒப்புதல் தரும் அதிகாரியாக என்னை நியமித்திருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் தனி அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், என் பெயரில் ஒரு முத்திரை. இனி என் கையெழுத்து இல்லாமல் உன் துறைமுகத்துக்கு ஒரு டப்பா வராது. நீ நிம்மதியாக இரு.

உன் வாலு

*

21 பிப்ரவரி 1995

அன்பு வாலுவுக்கு,

போன் பண்ணினால் கூட்டத்தில் இருக்கிறாய் என்கிறார்கள். ஐந்து தடவை சொல்லிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான்காம் கிடங்கில் மறுபடியும் பீப்பாய்கள். இந்தத் தடவை இருநூற்றுப் பன்னிரண்டு. 'மறுசுழற்சிக்கான பொருள்' என்று லேபிள், புத்தம் புதுசு. இங்கே மறுசுழற்சி செய்கிற ஆலை எது? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. கேட்டால், ஒப்புதல் கடிதம் இருக்கிறது என்கிறார்கள். காட்டச் சொன்னால், அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறதாம். வழக்கமாகச் சோதனைக்கு எனக்கு வரும் மாதிரி வரவே இல்லை.

வியாழக்கிழமை, பீப்பாய் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர் ஒரு பீப்பாயை இடித்துவிட்டார். வண்டியிலேயே மயங்கி விழுந்தார். அத்தான் ஓடிப்போய்த் தோளில் போட்டுத் தூக்கிவந்தார். ஓட்டுநர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்னும் கண் தெரியவில்லை. அத்தானுக்கு அன்று தொடங்கிய இருமல் நிற்க மாட்டேன் என்கிறது. டாக்டர் மார்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னத்த மூச்சுல இழுத்தாருன்னு சொன்னாதானே மருந்து சொல்ல முடியும்?" என்கிறார்.

யாரோ உன் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டிருக்கிறார்கள். சீக்கிரம் விசாரி. உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடப் போகிறது.

உன் அக்கா

*

3 மார்ச் 1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த மார்பு டாக்டர் இருக்கிறார். அத்தானை உடனே அழைத்து வா. ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு.

அவருக்கு இங்கே உள்ள ஓர் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கித் தருகிறேன். அவர் வந்தால் நீயும் குண்டும் வந்துவிடலாம். என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

பீப்பாய் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது முடியும்வரை நீ மாதிரி எதுவும் எடுக்க வேண்டாம். யாருக்கும் எதுவும் எழுதவும் வேண்டாம். இது அலுவலக விஷயம், பல பக்கமும் யோசிக்க வேண்டியது. நேரில் சொல்கிறேன். என்மேல் நம்பிக்கை வை.

வாலு

*

19 மார்ச் 1995

வாலு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து கள்ளத்தனம் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சுங்கத்தில் பதினாறு வருஷமாக எனக்குப் பழக்கமான ஒருவர் அந்த ஒப்புதல் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று வெளியே போனார். பார்த்தேன். உன் முத்திரை, உன் கையெழுத்து. அதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன், எவனாவது மிரட்டி வாங்கியிருப்பான் என்று. ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: 'துறைமுக ஆய்வகத்தின் கருத்து கேட்க வேண்டியதில்லை.' அதுவும் உன் எழுத்துதான். அந்த ஆய்வகத்தில் யார் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படி எழுதியிருக்கிறாய்.

மாதிரி ஏற்கெனவே எடுத்துவிட்டேன். மூன்று புட்டிகள். ஒன்றை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

நீ அன்று அனுப்பிய ஒப்பந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பொய் விவரம் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தால், அனுப்பிய நாடே முப்பது நாளில் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. அதைக் கேட்க வேண்டுமானால் ஒப்புதல் எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். உன் பெயர் இல்லாமல் அந்தப் புகாரை எழுத மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்பந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தானுக்கு இங்கேயே வைத்தியம் நடக்கிறது. நாங்கள் அங்கே வரவில்லை.

அக்கா

*

25 மார்ச் 1995

அக்கா,

புகார் போய்விட்டது என்று தெரியும். அதைத் திரும்ப வாங்கச் சொல்லி எழுதவில்லை.

இந்த வருஷக் கடைசியில் முழுத் தடைக்கு ஓட்டெடுப்பு நடக்கிறது. பணக்கார நாடுகள் இனி நம்மைப் போன்றவர்களுக்குக் கழிவே அனுப்ப முடியாது. ஏழு வருஷம் அதற்காகத்தான் அலைந்தேன். தடை வருமுன் அங்கே எல்லாரும் கிடங்கைக் காலி செய்கிறார்கள். எந்தத் துறைமுகம் கிடைத்தாலும் போதும் என்று கப்பல்கள் கிளம்புகின்றன. எங்கள் அமைச்சகச் செயலாளர் அந்தக் கோப்பை என் முன்னால் வைத்தார். "இதுல கையெழுத்துப் போட்டா சரக்கு அனுப்பறவங்க நமக்குப் பயிற்சி மையம் கட்டித் தர்றாங்க, ஆய்வகம், கருவி எல்லாம் சேர்த்து. போடலேன்னா பக்கத்து நாட்டுல கட்டுவாங்க, பீப்பாயும் அங்க போகும். எங்கயோ ஒரு இடத்துல இறங்கத்தானே போகுது?" என்றார். அந்தக் கருவி வந்தால் உனக்குப் பிடிபடாத மீதி பிடிபடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். உன்னைக் கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை.

அத்தானிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ போனை எடுத்தால் போதும். பேசக்கூட வேண்டாம்.

வாலு

*

அஞ்சலட்டை
11 ஜூலை 1995

அக்காவுக்கு,

நான் அனுப்பிய ஐந்து கடிதமும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டன. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் அட்டையில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், தெருவே படிக்கட்டும்.

பீப்பாய்கள் மே மாதம் போய்விட்டன என்று பேப்பரில் பார்த்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

விசாரணையில், மொத்தம் எத்தனை ஒப்புதல் கொடுத்தேன் என்று கேட்டார்கள். நான்கு. போன வருஷம் கொடுத்த ஒன்றில் 'நிலம் நிரப்பும் பொருள்' என்று இருந்தது. அது எரித்த குப்பையின் சாம்பல். எங்கே கொட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்றுத்தான் லாரிச் சீட்டுகளைக் காட்டினார்கள். குண்டு படிக்கிற பள்ளிக்கூட மைதானத்தை அதைக் கொட்டித்தான் மேடாக்கியிருக்கிறார்கள். பள்ளிக்குச் சொல்லிவிட்டோம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

அவளை அங்கே விளையாட விடாதே. மழை பெய்து காய்ந்த பிறகு தூசி பறக்கும், அப்போது அந்தப் பக்கம் போகவே கூடாது. செருப்பை வாசலுக்கு வெளியே விடச் சொல். அவள் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் சொல். யார் சொன்னது என்று கேட்டால், கையெழுத்துப் போட்டவளே சொன்னாள் என்று சொல்.

பதில் எழுத வேண்டாம். மைதானத்தில் நீயே மண் எடுத்துப் பார்.

தங்கை