விசாரிக்க வந்தவர்

எருமப்பட்டி
14-8-1983

அன்புத் தம்பி வேலுமணிக்கு, அக்கா சௌந்திரம் ஆசியுடன் எழுதுவது. ஆடி நோம்பிக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். எல்லோரும் சுகம். எருமை கன்று போட்டிருக்கிறது. சேலத்தில் டைப்ரைட்டிங் எதுவரை வந்திருக்கிறது? மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள்?

போன திங்கட்கிழமை தோல்பையோடு ஒருவர் வந்து உன்னைப் பற்றி விசாரித்தார். முன்பின் தெரியாதவர் வந்து பையனைப் பற்றிக் கேட்டால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? பெண் வீட்டார் அனுப்பிய ஆள் என்று அம்மா காபி போட ஓடினாள். அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "எங்க பையனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. மைல் கணக்கா நடப்பானுங்க" என்றார். பக்கத்து வீட்டு நாச்சிமுத்து மாமா தன் பங்குக்கு உன்னைத் தென்னை மரமே ஏற்றிவிட்டார்.

கதவோரம் நின்ற எனக்கோ மனசுக்குள் ஒரே குடைச்சல். வந்தவர் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை, ஜாதகமும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நிற்பான், மாடிப்படி ஏறுவானா என்கிறார். மாப்பிள்ளைக்கு மாடிப்படி எதற்கு? அப்பா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. எதையோ கிறுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மனசு கேட்காமல் பஸ் ஸ்டாப் வரை ஓடிப் போய், அவர் யாரென்று கேட்டேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊனமுற்றோர் பிரிவாம். கூட்டுறவுச் சங்கத்து டைப்பிஸ்ட் வேலைக்கு உன் பெயரை அனுப்புமுன் பார்க்க வந்தாராம். நல்ல காலை வைத்துக்கொண்டு பொய்யாக எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று உன் பெயரை அடித்திருந்தார்.

"எந்தம்பிக்கு மூணு வயசுல வலது காலு சூம்பிப் போச்சுங்க. கோல் ஊனித்தான் நடப்பானுங்க" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் நம் வீட்டார் வெளியாளிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் உன் பெயரை மறுபடி எழுதினார். இருபத்தைந்தாம் தேதி டாக்டர் சர்டிபிகேட்டோடு அவர் அலுவலகத்துக்கு நேரில் போ. எதையும் மறைக்காதே.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மெதுவாக, அந்தச் சங்கத்து ஆபீசில் உட்கார நாற்காலி கொடுப்பார்களா என்று கேட்டார்.

வெளியூர்க்காரர் கண்ணில் படக் கூடாதென்று உன்னை எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வரச் சொல்வோம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இந்தத் தடவை சந்தை நாளாகப் பார்த்து மத்தியான பஸ்ஸில் வா, சாமி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அக்கா
சௌந்திரம்